தாடைக்குள் ஒரு தண்ணிப் பை

என் மகள் வாயில் மிட்டாயை அடக்கி வைத்திருக்கிறாள் என்று அவளுடைய கணக்கு டீச்சர் சந்தேகப்பட்டதால்தான் விஷயமே வெளியில் வந்தது. அப்போது அவளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. வகுப்பு நடக்கும்போது வாயில் எதையாவது போட்டுக் குதப்பிக்கொண்டிருப்பது அவளுக்குப் பழக்கம்தான். புளி, கமர்கட், பென்சில் சீவிய தூள் என்று எல்லாமே பிடிபட்டிருக்கிறது. அதனால் டீச்சரைக் குறை சொல்ல முடியாது.

"வாயில என்ன? துப்பு."

"ஒன்னியும் இல்ல மிஸ்."

"கன்னம் இப்படி உப்பிக்கிட்டு இருக்கு, ஒண்ணும் இல்லையா?"

"தோ பாருங்க மிஸ்" என்று இவள் வாயை ஆவென்று திறந்திருக்கிறாள். டீச்சர் ஸ்கேலை விட்டு நாக்கைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். மிட்டாயும் இல்லை, புளியும் இல்லை. ஆனால் வாயைத் திறந்த பிறகும் இடது கன்னம் உப்பியபடியே இருந்தது. டீச்சருக்கு முகம் மாறிவிட்டது. உடனே எனக்குப் போன் வந்தது.

நான் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டின் கேட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் நம்பரையும் கதவில் வைத்த முத்திரையையும் சரிபார்ப்பதுதான் வேலை. ஒரு எழுத்து மாறியிருந்தால்கூட வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். டிரைவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே போவார்கள். அப்படிப்பட்ட என்னிடம் டீச்சர் கேட்டார்:

"உங்க பொண்ணுக்கு ஒரு பக்கம் தாடை வீங்கி இருக்கு. நீங்க கவனிக்கலையா?"

கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை. காலையில் அவளுக்குத் தலை பின்னும்போது எனக்குத் தெரிவது அவளுடைய மண்டையின் பின்புறம். சாயங்காலம் தெரிவது டிவி வெளிச்சத்தில் ஒரு பக்க முகம். இதை டீச்சரிடம் சொல்ல முடியுமா? "இன்னைக்குத்தான் மிஸ் வந்திருக்கும்" என்று கூசாமல் ஒரு பொய் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். இடது பக்கக் கீழ்த்தாடையில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கி உள்ளே ஒட்டினாற்போல் இருந்தது. அமுக்கிப் பார்த்தேன். கொழகொழவென்று இல்லை, எலும்பு மாதிரி கெட்டியாக இருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"இப்போ?"

"நீ அமுக்குறதுதான் வலிக்குது."

என் வீட்டுக்காரர் ட்ரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர் துறைமுகத்துக்கும் யார்டுகளுக்கும் நடுவே நாற்பது அடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைவார். அவர் வந்ததும் மகளின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா துன்றா. அதான் கன்னம் வச்சிருக்கு" என்றார்.

"துன்னா ஒரு பக்கம் மட்டும்தான் ஊதுமா?"

"அந்தப் பக்கமா மெல்றா போல."

எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அக்கா காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர். மதியத்துக்குள் வியாபாரம் முடிந்துவிடும். மீதிப் பொழுதுக்கு எங்கள் வரிசையின் டாக்டர், போலீஸ், கோர்ட் எல்லாம் அவர்தான். வாசலில் நின்று ஒரே பார்வையில் தீர்ப்பு சொன்னார்.

"பொன்னுக்கு வீங்கி. கய்த்துல தங்கச் சங்கிலி போட்டு வுடு. வேப்பிலையும் மஞ்சளும் அரச்சிப் பூசு. ஏழே நாளு."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் அந்த அக்கா. அம்மை வகை நோய் என்றால் மட்டும் வேப்பிலைக்கு மாறிவிடுவார். ரெண்டு பக்கமும் தொடர்பு வைத்திருப்பது நல்லதுதான் என்று நானும் நினைத்திருக்கிறேன். என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினேன். அக்கா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நூலா, சங்கிலியா? இதுக்கு வீக்கம் பயந்துக்குமா?" என்று சொல்லி, தன் கழுத்தில் கிடந்த தடிமனான சங்கிலியைக் கழற்றி மகளுக்குப் போட்டுவிட்டார். அது கவரிங். எனக்குத் தெரியும், ஏனென்றால் வண்ணாரப்பேட்டையில் அதை வாங்கும்போது நானும் கூட இருந்தேன். ஆனால் நாலு பேர் கூடி நிற்கும்போது எப்படிச் சொல்வது? அக்காவே என் காதருகில் வந்து, "நோவுக்கு இன்னா தெரியும், கவரிங்கா கோல்டான்னு" என்றார்.

ஐந்து நாள் முகம் முழுக்க மஞ்சள் பூசி, கழுத்தில் கவரிங் சங்கிலியோடு என் மகள் வீட்டிலேயே இருந்தாள். பள்ளிக்கூடம் கிடையாது என்பதால் அவளுக்கு ரொம்ப சந்தோஷம். மளிகைக் கடை அண்ணாச்சி தென்பக்கத்துக்காரர். "கிராம்பை நுணுக்கி வைங்கம்மா, வத்திரும்லா" என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். என்னிடமும் ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. மணலிப் பக்கத்துக் காற்று. இருமல், தோல் அரிப்பு, முடி கொட்டுவது என்று எது வந்தாலும் எங்கள் பக்கத்தில் முதல் குற்றவாளி தொழிற்சாலைப் புகைக்கூண்டுதான். பல தடவை அது சரியாகவும் இருந்திருக்கிறது. அதனால் இதையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடலாம் என்று பார்த்தேன். வீக்கம் எங்கள் யாரையும் மதிக்கவில்லை. ஐந்து நாளும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

ஆறாம் நாள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த பல் கிளினிக்குக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயது டாக்டரம்மா. வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடித்துப் பார்த்தார். இடது பக்கம் கீழே ஒரு பால் கடவாய்ப் பல்லில் கறுப்பாக ஓட்டை விழுந்திருந்தது.

"இந்தச் சொத்தை எத்தனை நாளா இருக்கு?"

ஒரு வருஷமாக இருந்தது. எனக்குத் தெரியும். நடுவில் ஒரு தடவை வலி என்று அழுதாள். மாத்திரை கொடுத்தேன், அடங்கிவிட்டது. விழப்போகிற பல்தானே, அதுக்கு ஏன் ஒரு நாள் லீவு என்று விட்டுவிட்டேன். டாக்டரம்மாவிடம், "இப்பதான், ரெண்டு மாசம் இருக்கும்" என்றேன். ஒரே வாரத்தில் ரெண்டாவது பொய்.

"பொய்யி. போன வருசமே இருந்திச்சு" என்றாள் என் மகள், வாய்க்குள் கண்ணாடியை வைத்துக்கொண்டே.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வாய்க்குள் சின்ன பிலிம் வைத்து எக்ஸ்ரே எடுத்தார். அதைப் பார்த்தவர், முழுத் தாடைக்கும் பெரிய படம் எடுக்க வேண்டும், பெரிய பல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதினார். "பயப்படாதீங்க" என்றார். அதுவரை எனக்குப் பயம் இல்லை. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் வந்தது.

சீட்டில் 'சிஸ்ட்' என்று இருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் போனில் போட்டுத் தேடினார். போனைப் பற்றித்தான் தெரியுமே, தலைவலி என்று தேடினால்கூட சுடுகாடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்பி வரும். குளியலறைக்குள் போனை எடுத்துக்கொண்டு போனவர், அரைமணி நேரம் கழித்துக் குளிக்காமலே வெளியில் வந்தார். முகம் செத்துப்போய் இருந்தது. ரெண்டு சுவருக்கு நடுவில் ஒற்றைக் கையால் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கிற மனுஷன், அன்றைக்கு டம்ளரைச் சரியாகப் பிடிக்க முடியாமல் டீயை லுங்கியில் கொட்டிக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து அவர் மகளிடம் வைத்த கொஞ்சல் தாங்க முடியவில்லை. கேட்காமலே சிக்கன் ரைஸ் வந்தது. ஸ்கெட்ச் பென் வந்தது. ரெண்டு வருஷமாக 'வேணாம்' என்று சொல்லிவந்த பூனைக்குட்டிக்கும் 'சரி' என்றுவிட்டார். மகள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து குந்தினாள்.

"மா, நைனா எத்த கேட்டாலும் சரிங்கிறாரு. இன்னா மேட்டரு? நான் சாவப் போறேனா?"

"வாயை மூடு" என்று கத்தினேன்.

"மூடுனாலும் வலிக்கல, தொறந்தாலும் வலிக்கல. அப்பால இன்னா நோவு இது?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, "சாவலன்னாலும் நைனாகிட்ட இப்ப சொல்லாத. சைக்கிள் கேட்டுக்கிறேன்" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற மெஷின் தலையைச் சுற்றி வந்தது. அவள் நின்றபடி முன்னால் இருக்கிற குச்சியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். அது சுற்றி முடிக்கும்வரை ஆடக்கூடாது, பேசக்கூடாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த என் வீட்டுக்காரர், "ஹார்பர்ல கண்டெய்னர ஸ்கேன் பண்றா மாதிரியே கீது" என்றார். அந்த ஒரு வாக்கியம் அவருக்குப் பெரிய தெம்பாக இருந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான் என்று ரெண்டு மூன்று தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

முதல் தடவை படம் கெட்டுவிட்டது. மெஷின் பாதி சுற்றும்போது இவள் "முடிஞ்சிச்சாண்ணா?" என்று கேட்டுவிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் அரை நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. எக்ஸ்ரே எடுக்கிற தம்பி அவளைக் கெஞ்சி, மிரட்டி, ரெண்டாவது தடவை எடுத்து முடித்தார்.

எங்களைப் பார்த்த டாக்டர் நடுத்தர வயதுக்காரர், கண்ணாடி போட்ட நிதானமான மனுஷி. படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். மேலும் கீழும் பற்கள், பற்களுக்குக் கீழே காத்துக்கொண்டிருக்கிற அடுத்த வரிசைப் பற்கள். சின்னப் பிள்ளையின் மண்டைக்குள் இத்தனை பல் இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு பொதுக்கூட்டம் மாதிரி இருந்தது. இடது பக்கம் கீழே மட்டும் கறுப்பாக ஒரு வட்டம். அதற்குள்ளே ஒரு பல் சாய்ந்து படுத்துக்கொண்டிருந்தது.

"எல்லாப் பல்லும் முளைக்கிறதுக்கு முன்னாடி அதைச் சுத்தி மெல்லிசா ஒரு பை இருக்கும்மா. பல்லு வெளிய வந்தா அது தானா போயிடும். இங்க பல்லு வெளிய வரல. பைக்குள்ள தண்ணி சேர்ந்து சேர்ந்து பெருசாகி, பல்லையும் கீழ தள்ளிடுச்சு, எலும்பையும் ஒரு பக்கமா தள்ளியிருக்கு. அதான் வெளிய வீக்கமா தெரியுது. இதைத்தான் சீட்டுல சிஸ்ட்னு எழுதியிருக்காங்க."

"அதான் வலியே இல்லியா டாக்டர்?"

"ஆமா. மெதுவா வளரும், சத்தம் போடாது. பல பேருக்கு வேற எதுக்காவது எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் தெரியும்."

மகள் எட்டிப் பார்த்தாள். "தண்ணிக்குள்ள பல்லு படுத்துகினு கீதே. அப்போ என் தாட மாசமா கீதா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கிட்டத்தட்ட அப்படித்தான் வச்சுக்கயேன்" என்றார். இதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. அன்று சாயங்காலமே எங்கள் தெரு முழுக்க அவள் அதைச் சொல்லி முடித்துவிட்டாள். மீன் அக்கா வந்து, "எப்பம்மா வளகாப்பு?" என்று கேட்டார்.

நான் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. கேட்காமல் திரும்பிவிடலாம் என்றுதான் பார்த்தேன். வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். "அந்தச் சொத்தைப் பல்ல நான் அப்பவே காட்டியிருந்தா இது வந்திருக்காதா?"

டாக்டர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "பால் பல்லுல இருக்கிற சீழ் கீழ இறங்கி, அதனாலயும் வரலாம். சொத்தையே இல்லாத பிள்ளைங்களுக்கும் வருது. உங்க பொண்ணுக்கு எதனாலன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அடுத்த தடவை பால் பல்லு சொத்தைன்னா கூட்டிட்டு வாங்க" என்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அப்படி நடுவில் நிறுத்திவிட்டதால் மீதியை நானே திட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பீச் ரோடு முழுக்க அந்த வேலையைத்தான் செய்தேன்.

வைத்தியம் என்ன என்று டாக்டர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். பையை முழுசாகத் தோண்டி எடுத்தால் உள்ளே இருக்கும் நல்ல பல்லும் போய்விடும், பக்கத்துப் பற்களுக்கும் ஆபத்து. அதனால் சொத்தைப் பல்லைப் பிடுங்கி, அந்த வழியாகப் பையில் ஒரு ஜன்னல் திறந்துவிடுவார்களாம். தண்ணி வெளியேறிவிட்டால் பை தானாகச் சுருங்கும், பல் மேலே வரும். பையில் ஒரு துண்டை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு வெளியில் வைத்து அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

"அது... அந்த மாதிரி எதனா..." என்று டாக்டரிடம் இழுத்தார்.

"பார்த்தா அப்படித் தெரியல சார். ஆனா பரிசோதிக்காம நான் சொல்ல மாட்டேன்."

குறித்த நாளில் போனோம். அது பல் கல்லூரி ஆஸ்பத்திரி, எங்கே பார்த்தாலும் மாணவர்கள். பெற்றோரில் ஒருவர் உள்ளே இருக்கலாம் என்றார்கள். நான் எழுந்தேன். "நீ இரு, நான் போறேன். நீ பயந்துக்குவ" என்று என்னை உட்காரவைத்துவிட்டு அவர் உள்ளே போனார். கதவு பாதி திறந்திருந்ததால் நடந்ததை நானும் பார்த்தேன்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். மகள் ஒரு 'ஸ்ஸ்' மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் இன்னொரு ஊசியைக் குத்தி உள்ளே இருந்த தண்ணியை இழுத்தார். மஞ்சளாக, நீர்த்த நன்னாரி சர்பத் மாதிரி, சிரிஞ்சுக்குள் ஏறியது. அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் நின்ற வாக்கிலேயே பின்னால் சாய்ந்தார். ஒரு ஸ்டூல், ஒரு ட்ரே, ஒரு மாணவர் எல்லாவற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு விழுந்தார்.

"நைனா வுயுந்துட்டாரு! நைனா வுயுந்துட்டாரு!" என்று மகள் மரத்துப்போன உதட்டோடு கத்தினாள். அவளுக்கு ஒரே சிரிப்பு. டாக்டர், "நீ ஆடாத, நீ ஆடாத, அவரை அவங்க பார்த்துக்குவாங்க" என்று அவள் தலையைப் பிடித்துக்கொண்டார்.

நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கிப் பக்கத்தில் காலியாக இருந்த பல் நாற்காலியில் கிடத்தினார்கள். தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்கிவைத்தார்கள். முகத்தில் தண்ணி தெளித்தார்கள். மயக்கத்தில் வாய் திறந்துகொண்டது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் பல் படிக்கிற பிள்ளைகள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கண்ணெதிரே திறந்த வாய் இருக்கும்போது எப்படிப் பார்க்காமல் இருப்பார்கள்? அவர் கண் விழித்தபோது ஏழெட்டு முகங்கள் அவருடைய வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு பெண் ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்:

"சார், கீழ ரெண்டு வேரு மட்டும் நிக்குது. இன்னைக்கே எடுத்துக்கிறீங்களா?"

அவர் எழுந்த வேகத்தில் அந்தப் பெண் நகர்ந்துகொள்ளாமல் இருந்திருந்தால் அவளுக்கு அடிபட்டிருக்கும். "நான் கூட வந்தவம்மா, நோயாளி இல்ல" என்று சொல்லிக்கொண்டே வெளியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்துத் தண்ணியைத் துடைத்துக்கொண்டே, "கூட்டம் ஜாஸ்தி, உள்ள காத்தே இல்ல" என்றார்.

பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்த நாட்களைப் பற்றி எனக்கு அதிகம் எழுதத் தெரியவில்லை. வேலைக்குப் போனேன். ஒரு நாள் நம்பர் தப்பாக இருந்த ரெண்டு வண்டிகளை உள்ளே விட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். கடவுள்களிடம் பேரம் பேசினேன். வடிவுடையம்மன் கோயில் எனக்கு நடக்கிற தூரம்தான். அங்கே போய் நின்று, கவரிங் சங்கிலி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மீன் அக்கா சர்ச்சில் ஜெபத்துக்குச் சீட்டு எழுதிப் போட்டார். என் வீட்டுக்காரர் சாமி கும்பிடாதவர். அவர் பங்குக்கு மாவா என்கிற புகையிலைப் பாக்கு போடுவதை நிறுத்தினார். அது மூன்று நாள் தாக்குப்பிடித்தது.

முடிவு வந்தது. டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு, "சாதாரணத் தண்ணிப் பைதான். வேற ஒண்ணும் இல்ல" என்றார். நான் அழுவேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் வெளியில் வந்ததும், ஷூ லேஸைக் கட்டாமல் நடந்ததற்காக மகளை வெளுத்து வாங்கினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் என்னை முறைத்துப் பார்த்தார்கள். அவள், "இன்னா மா, நல்ல சேதிதானே சொன்னாங்க?" என்று குழம்பிப் போய்க் கேட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

அதன்பிறகு எங்களுக்குப் புது வேலை ஒன்று வந்தது. தாடையில் திறந்துவிட்ட ஜன்னல் மூடிக்கொள்ளாமல் இருக்க, ரோஸ் கலரில் பிளாஸ்டிக் மாதிரி ஒரு அடைப்பானைச் செய்து மாட்டிவிட்டார்கள். சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றிவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் உப்புத் தண்ணியை ஏற்றி அந்த ஓட்டைக்குள் பீய்ச்சிக் கழுவ வேண்டும். கழுவிவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். நானும் வீட்டுக்காரரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்த வேலையை மகள் ரெண்டே நாளில் தன் கையில் எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அது விளையாட்டாகிவிட்டது. தாடைக்குள் போன தண்ணி எவ்வளவு தூரம் வெளியில் வந்து விழுகிறது என்று எங்கள் வரிசைப் பிள்ளைகள் வாசலில் சாக்பீஸால் கோடு போட்டார்கள்.

பள்ளிக்கூடத்திலும் மதிய இடைவேளையில் குழாயடியில் கூட்டம் கூடிவிடுமாம். டீச்சர் மறுபடியும் போன் செய்தார். இந்தத் தடவை புகார் வேறு. "உங்க பொண்ணு வாயிலிருந்து இன்னொரு பொண்ணு மேல உப்புத் தண்ணி அடிச்சிருக்கா."

"வேணும்னு அடிக்கல மிஸ்" என்றேன்.

"அவளே சொல்றா, குறி பார்த்துத்தான் அடிச்சேன்னு."

இப்படி மூன்று மாதம் ஓடியது. வீக்கம் பாதிக்கு மேல் வற்றிவிட்டது. அப்போது என் வீட்டுக்காரருடைய கூட்டாளி தங்கச்சிக்கு ராயபுரத்தில் கல்யாணம். மதியம் மண்டபத்தில் பிரியாணி. சாப்பிடும்போது மகள் அடைப்பானைக் கழற்றி, ஒரு டிஷ்யூ பேப்பரில் மடித்து இலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் இலையும் இல்லை, பேப்பரும் இல்லை. மேஜை துடைக்கிறவர்கள் விரிப்போடு சேர்த்துச் சுருட்டிக் கொண்டுபோய்விட்டார்கள்.

"மா" என்றாள். அவள் முகத்தில் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன்.

அது இல்லாமல் இருந்தால் ரெண்டு நாளில்கூட ஓட்டை சுருங்கிவிடலாம், பிறகு மறுபடியும் திறக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் பட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் ஓடினார். அங்கே எச்சில் இலைகள் நிறைந்து மூன்று பெரிய டிரம்கள் நின்றன. அவருடைய கூட்டாளிகள், எல்லாருமே ட்ரெய்லர் டிரைவர்கள், என்ன ஏது என்று கேட்காமலே கூட வந்து இறங்கினார்கள்.

"இன்னா மாமு தேடுறோம்?"

"பாப்பா வாயில போடுறது. ரோசு கலர்ல, இத்தூண்டு இருக்கும்."

எலும்பு, கத்தரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி, ஐஸ்கிரீம் கப். ஒவ்வொரு டிஷ்யூவாகப் பிரித்துப் பார்த்தார்கள். கூட்டாளியில் ஒருவர் திடீரென்று, "கெடச்சிச்சு! ரோசு கலரு!" என்று கையைத் தூக்கினார். நான் ஓடினேன். அவர் கையில் ஒரு பல் செட் இருந்தது. ரோஸ் ஈறோடு முன்பக்கப் பற்கள் ஆறு, ஒரு பிரியாணிப் பருக்கை ஒட்டிக்கொண்டு.

"இது எங்க பொண்ணோடது இல்ல" என்றேன், ஏதோ நகைக்கடையில் சொல்கிற மாதிரி.

அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்ப டிரம்மில் போட மனசு வரவில்லை. கடைசியில் பாட்டுக் கச்சேரி மைக்கில் சொல்லிவிட்டார்கள்: "பல் செட்டைத் தவறவிட்டவர்கள் பந்தி நடக்கும் இடத்துக்கு வரவும்." மண்டபமே திரும்பிப் பார்த்தது. ரெண்டு நிமிஷம் யாரும் வரவில்லை. பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து கோட் போட்ட பெரியவர் ஒருவர், வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு மெதுவாக வந்தார். கைநீட்டி வாங்கிக்கொண்டார். மகளின் தலையில் கைவைத்துத் தடவிவிட்டுப் போனார். அவள்தான் கண்டுபிடித்துக் கொடுத்தாள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

எங்களுடையது கிடைக்கவே இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி சாத்தியிருந்தது. மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் நின்றோம். டாக்டரிடம் என்ன பொய் சொல்லலாம் என்று நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். மகள் முந்திக்கொண்டு பிரியாணியில் ஆரம்பித்து பல் செட் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். டாக்டர் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். ஓட்டை கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது, ஆனால் மூடவில்லை. புதிதாக அளவெடுத்துச் செய்து மாட்டினார். பை சின்னதாகிவிட்டதால் எப்படியும் அளவைக் குறைக்க வேண்டியிருந்தது என்று ஆறுதலுக்குச் சொன்னார்.

மாதா மாதம் போனோம். ஒவ்வொரு படத்திலும் கறுப்பு வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது. சாய்ந்து படுத்திருந்த பல் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து உட்கார்ந்தது. அடைப்பானை அறுத்து அறுத்துச் சின்னதாக்கினார்கள், கடைசியில் எடுத்தே விட்டார்கள். வருஷம் திரும்பப்போகிற நேரத்தில் ஒரு நாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவள், "மா, இன்னாவோ முட்டுது" என்று வாயில் நுரையோடு ஓடி வந்தாள். விரலை விட்டுப் பார்த்தேன். ஈறுக்குள்ளிருந்து வெள்ளையாக, கூராக ஒரு முனை. என் வீட்டுக்காரரும் விரல் விட்டுப் பார்த்தார். மீன் அக்காவும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "யக்கா, கைய கயுவினு வா, கலீஜா கீது" என்று மகள் கத்தியதால் கழுவிவிட்டு வந்து பார்த்தார்.

பல் முழுசாக வெளியில் வந்த பிறகு டாக்டரிடம் போனோம். கொஞ்சம் திரும்பினாற்போல் நிற்கிறது, வேண்டுமானால் பெரியவளானதும் கிளிப் போட்டுக்கொள்ளலாம் என்றார். எலும்பு நன்றாக நிரம்பிவிட்டது என்று படத்தைக் காட்டினார். பிறகு ஒரு கைக்கண்ணாடியை மகளிடம் கொடுத்து, "பார்த்துக்கோ, இதுக்குத்தான் இத்தனை நாள்" என்றார்.

அவள் கன்னத்தை விரலால் விலக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"இவ்ளோ பேஜாருக்கு இத்தூண்டு பல்லா?" என்று கேட்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அந்த அறையின் வாசலுக்கு வெளியில், பாதுகாப்பான தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். வெளியில் வந்து மூன்று பேரும் சுட்ட சோளக்கதிர் வாங்கிக்கொண்டோம். மகள் அதை இடது பக்கமாகவே கடித்துத் தின்றாள். வலது பக்கம் திருப்பவே இல்லை.